என்ன லோடு, எந்த ரூட்டு?

நாமக்கல்
ஞாயிறு மதியம்

கண்ணு,

வண்டிக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றப் போகிறேன் என்று நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் பார்த்தேன். சிவப்பு பெயின்ட் அடித்த பெட்டியில், பூந்திக் கரண்டி மாதிரி ஓட்டை ஓட்டையாய் ஒரு டிஸ்க் இருக்கிறதே, அதைத்தான் நீ வாங்கப் போகிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருஷம் நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். பின்னால் பட்டறையில் உங்கப்பா லாரிகளுக்கு பிரேக் லைனர் அடிப்பார், முன்னால் நான் பெட்டி எடுத்துக் கொடுப்பேன். பிரேக் சாமான் கேட்டு யார் வந்தாலும் விலை சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். என்ன லோடு? எந்த ரூட்டு? முட்டை ஏற்றிக்கொண்டு சமவெளியில் ஓடுகிறவனும், எழுபது கொண்டை ஊசி வளைவில் கொல்லிமலை இறங்குகிறவனும் ஒரே சாமானை வாங்கிப் போனால், ஒருத்தன் திரும்பி வந்து என்னைத் திட்டுவான். நீ விலை அனுப்பினாய், எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று அனுப்பினாய். இந்த இரண்டை மட்டும் சொல்லவில்லை.

நானே சொல்கிறேன். 2012 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். பின்னால் இழுத்துப் போகிற கேம்பர் வண்டி, முன்னால் உன்னோடு என் பேத்தி. அமெரிக்காவில் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறி, ஐசனோவர் டனலைத் தாண்டி சில்வர்தார்ன் பக்கம் இறங்குகிறாய். போன வருஷம் வந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேனே! டனலே 11,000 அடிக்கு மேலே. வெளியே வந்ததும் ஏழு சதவீத இறக்கம். பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய மேட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொப்பூர் கணவாய்தான் ஞாபகம் வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறங்கி வந்த வண்டிகளை அப்பா கழற்றுவார். லைனர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். கருகிய வாடை சாயங்காலம் வரை என் சேலையை விட்டுப் போகாது.

ஆக உனக்கு வேண்டியது சூட்டிலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு. செராமிக் பேடு நல்ல சாமான்தான். சத்தம் போடாது, அலாய் வீலில் கருந்தூசி அப்பாது, நிறைய நாள் வரும். வெறும் வண்டியில் ஆபீஸ் போய் வருகிறவனுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். பாரம் இழுத்துக்கொண்டு மலை இறங்குகிறவனுக்கு செமி மெட்டாலிக். இரும்புத் தூளும் இரும்பு நாரும் கலந்தது, சூடேறினாலும் அவ்வளவு சீக்கிரம் வழுக்காது. கொஞ்சம் உறுமும், தூசி கொட்டும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தின்னும். தின்னட்டும்.

பெட்டி மேலே எழுதியதை நம்பாதே. பேடின் ஓரத்திலேயே சின்னதாக ஒரு வரி அச்சடித்திருக்கும். அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. முதலாவது சாதாரணச் சூட்டில் அதன் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. எஃப்இ என்று இருந்தால் சூட்டில் கை விடுகிறது என்று அர்த்தம், தொடாதே. எஃப்எஃப், இல்லை ஜிஜி பார்த்து எடு. அது ஒரு துண்டை வெட்டிச் சோதித்துக் கொடுக்கிற எழுத்துதான். ஒரே எழுத்து போட்ட இரண்டு கம்பெனி பேடும் ஒரே மாதிரி பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. இலை படம் போட்டிருந்தால் அது தாமிரம் எவ்வளவு என்பதற்கு, பிரேக் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேடைத் திருப்பிப் பின்தகட்டையும் பார். ஒருமுறை ஒரு மொத்த வியாபாரியிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்தேன். மூன்றே மாதத்தில் ஒரு டிரைவர் வந்து வெறும் தகட்டை மேஜையில் வைத்தார். பசை விட்டு, பேடு தனியாகக் கழன்று போயிருந்தது. அன்றைக்கு அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிப் பெட்டியை எடைக்குப் போட்டோம். உங்கள் ஊரில் பனிக்கு ரோட்டில் மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள், துரு சீக்கிரம் ஏறும். பின்தகடு நன்றாகப் பூச்சு போட்டதாக இருக்கட்டும். தகட்டிலேயே சின்னச் சின்னக் கொக்கி எழுப்பிப் பேடைக் கவ்வ வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது அந்த பூந்திக் கரண்டி. டிஸ்க் என்பது சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இரும்பு. ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது, சூடேறி ஆறி ஏறி ஆறி ஓட்டையைச் சுற்றித்தான் முதல் விரிசல் விழும். பழைய காலத்துப் பேடு சூட்டில் புகை கக்கும். அது போக வழி வேண்டும் என்று வந்த ஓட்டை அது. இன்றைக்கு உன் வண்டிக்கு அலங்காரம். வெறும் டிஸ்க் வாங்கு, நடுவில் காற்று போகிற வென்டிலேட்டட் டிஸ்க். ஒரே அளவில் இரண்டு கம்பெனி இருந்தால் எடையைக் கேள், கனமானதை எடு. மலிவு டிஸ்க்கில் கை வைப்பதே உள்ளே இருக்கிற இரும்பில்தான். துரு பிடிக்காத பூச்சு போட்டதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வாங்கும் முன் உன் சக்கரத்தில் ஆறு போல்ட்டா ஏழா என்று எண்ணிக்கொள். 2012இல் இரண்டும் வந்திருக்கிறது, டிஸ்க் மாறும்.

ஸ்டீயரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னாய். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இரும்பு அப்படி லேசில் வளையாது. பேடின் சரக்கு டிஸ்க்கில் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும், இல்லை டிஸ்க் உட்கார்கிற ஹப்பில் இருக்கிற துருவின் மேலேயே டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். அந்தத் துருவைத் தேய்த்து எடுக்காமல் எவ்வளவு விலைக்கு வாங்கி மாட்டினாலும் கொஞ்ச நாளில் மறுபடி உதறும். நட்டைக் காற்று மெஷினால் கண்டபடி முறுக்க விடாதே, முறுக்கின் அளவு காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து 150 ஃபுட்-பவுண்ட்.

இன்னொன்று, இதை நீ கேட்கவே இல்லை. கேம்பரின் சொந்த பிரேக் பிடிக்கிறதா? அது சும்மா இருந்தால் இரண்டு வண்டிப் பாரத்தையும் உன் முன் டிஸ்க்தான் தாங்கும், எந்தப் பேடும் பத்தாது. பிரேக் ஆயிலும் எப்போது மாற்றினாய்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்று கணக்கு, ஈரம் ஏறினால் 140தான். இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். உன் வண்டிக்கு எந்த ஆயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். பாரம் இழுக்கும்போது போடுகிற டோ-ஹால் பொத்தானைப் போட்டு, கியரைக் குறைத்து இறங்கு.

கழற்றும்போது தூசியை ஏர் அடித்து ஊதாதே. பிரேக் கிளீனர் தெளித்துத் துடை. அப்பா காலமெல்லாம் ஊதினார், அந்த லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது எங்களுக்குத் தெரியாது. கடைசி வரை இருந்த இருமல் உனக்குத் தெரியும். உங்கள் ஊரிலேயே பிரேக் சாமானில் அதற்குத் தடை வந்தது 2024இல்தான்.

பழைய பேடு நாலையும் தூக்கிப் போட்டுவிடாதே. வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று சாக்பீஸால் எழுதி. உள்பக்கத்தது மட்டும் தேய்ந்திருந்தால் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின் இறுகியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று அப்புறம் சொல்கிறேன். புதுப் பேடின் ஓரத்தையும் எடு. வெளிச்சத்தில், கை ஆடாமல். போன தடவை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அம்மா