மாற்றுக் குறைந்த வெள்ளி: நண்பருக்கு ஒரு கடிதம்

இலண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்தி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருப்பதையும், முழங்கால் வலி தணிந்து நீர் மறுபடியும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வரத் தொடங்கியிருப்பதையும் வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். குளிர் இன்னும் விடவில்லை என்பதைத் தவிர இங்கே எங்களுக்கும் குறையில்லை. ஓய்வு பெற்றபின் வந்து ஒட்டிக்கொண்ட நாணயப் பித்து மட்டும் ஆண்டுக்காண்டு முற்றி வருகிறது.

நான் அனுப்பிய படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்காசு என்கிறீர், ஆனால் அரசனுடைய மூக்கிலும் தாடியிலும் செம்பு தெரிகிறதே, யாரும் உம்மை ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டிருந்தீர். நாற்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவருடைய கண்ணுக்கு அது தப்பாது என்று எனக்குத் தெரியும். ஏமாற்று நடந்தது உண்மைதான். ஆனால் ஏமாற்றியவர் எனக்கு விற்ற கடைக்காரர் அல்லர், அந்தக் காசில் கதிர்முடி (சூரியக் கதிர்கள் போன்ற முனைகளுள்ள முடி) சூடி நிற்கும் உரோமப் பேரரசரே.

அவர் பெயர் கல்லியேனுஸ்; கி.பி. 253 முதல் 268 வரை ஆண்டவர். அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் உரோம நகரத்து அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் சாலை, ஒரு வரிசைக் காசுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு விலங்கு இருக்கும்: மான், குதிரையுடல் மனிதன், சிறகுள்ள குதிரை, மீன்வாலுடைய கடற்குதிரை என்று. என்னிடம் இருப்பதில் ஒரு சிறுத்தை இடப்பக்கமாக நடந்து போகிறது. அதைச் சுற்றி, பேரரசரைக் காக்கும் தந்தை லிபேர் என்ற மதுத் தெய்வத்துக்கு உரியது என்ற பொருளில் சுருக்கெழுத்துகள் ஓடுகின்றன. கீழே தனியாக நிற்கும் 'பீட்டா' என்ற கிரேக்க எழுத்து, அதை அடித்தது அக்கசாலையின் இரண்டாம் பட்டறை என்பதைக் குறிக்கும். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு தெய்வத்திடம் அரசரைக் காக்கும்படி இறைஞ்சியது. எந்தத் தெய்வமும் காக்கவில்லை. 268இல் மிலான் நகருக்கு வெளியே அவருடைய தளபதிகளே அவரைக் கொன்றார்கள். அந்தக் காசில் இருக்கும் வெள்ளி நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. மீதி செம்பு. மேலே பூசினாற்போல் இருந்த வெள்ளைத்தோல் புழக்கத்தில் தேயத் தேய, மேடான இடங்களான மூக்கும் தாடியும் முதலில் சிவந்துவிட்டன.

இந்த நிலைக்கு அந்தக் காசு வந்து சேர்ந்த பாதையைத்தான் நான் சேகரிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சிலர் எல்லாப் பேரரசர்களின் முகங்களையும் சேர்ப்பார்கள். சிலர் கட்டடங்கள் பொறித்தவற்றை மட்டும் சேர்ப்பார்கள். எனக்கு முகத்தைவிட மாற்றுத்தான், அதாவது உலோகத்தின் சுத்தம்தான், முக்கியம். தலைப்பக்கத்தில் அரசர் தன்னை எப்படி வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம். தராசிலும் உரைகல்லிலும் அப்படிக் காட்டிக்கொள்ள முடியாது.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் என்ற காசு கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. ஓர் உரோம இறாத்தலுக்கு 84 காசு என்ற கணக்கில் அடித்தார்கள். ஒன்று 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அந்த நாணயத்தின் நேர்மைக்கு நம் தீவே சாட்சி சொல்லியிருக்கிறது என்பது உமக்குப் பிடிக்கும். பேரரசர் கிளாடியஸ் ஆட்சியில் நடந்ததாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவருடைய ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கையில் கரையொதுங்கினான். அவனிடமிருந்து எடுத்த தெனாரியஸ் காசுகளை வாங்கிப் பார்த்த இத்தீவின் அரசன், அவற்றில் இருந்த தலைகள் வெவ்வேறாக இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்து, அவர்களுடைய நாட்டுக்குத் தூதனுப்பினான். பிளினி தன் நாட்டுப் பெருமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால், தலையைப் பார்த்துவிட்டு விடாமல் எடையைப் பார்த்த அந்த அரசனை நான் எங்கள் நாணயப் பித்தர் கூட்டத்தின் மூதாதையாகவே கருதுகிறேன்.

அவனுடைய வியப்புக்கு ஆயுள் குறைவு. கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதே இறாத்தலில் 96 காசு அடிக்கக் கட்டளையிட்டதோடு, வெள்ளியின் மாற்றையும் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டுக்கு இறக்கினார். இந்த எண்பது என்ற கணக்கு பிற்காலத்தில்தான் தெரியவந்தது. முன்பு ஆராய்ந்தவர்கள் தொண்ணூறுக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் காசின் மேற்பரப்பைச் சோதித்தார்கள். பின்னால் வந்தவர்கள் நுண்ணிய துளையிட்டு உள்ளிருந்து தூளெடுத்துப் பார்த்தார்கள். மேலே ஒரு மாற்று, உள்ளே ஒரு மாற்று. நம் தட்டார் வெள்ளிக் கொலுசைப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து வெளுப்பது போல, அக்கசாலைக்காரரும் அச்சடிப்பதற்கு முன் உலோகவில்லைகளை அமிலத்தில் இட்டு மேலிருந்த செம்பைக் கரைத்துவிட்டார்கள். தங்கிய வெள்ளித்தோல் சம்மட்டி அடியில் இறுகிப் பளபளத்தது. கையில் வாங்குகிறவன் சுத்த வெள்ளி என்றே நினைப்பான்.

தமிழகத்தில் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் கிடைத்த தெனாரியஸ்களில் பெரும்பாலானவை அகஸ்டசுடைய இரண்டு வாரிசுகள் கேடயங்களோடு நிற்கும் வகையும், திபேரியசுடைய, பின்பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் வகையுமே. நீரோவின் மாற்றத்துக்குப் பிந்தியவை மிகக் குறைவு. மாற்று இறங்கியதை நம் வணிகர் அறிந்து புதிய காசைத் தள்ளி, பழையதையே கேட்டு வாங்கினார்கள் என்பது பலருடைய விளக்கம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அந்த விளக்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை.

நீரோவுக்குப் பின் ஏற்றமும் இறக்கமுமாக நூறு வருடத்துக்கு மேல் போயிற்று. அதை விரித்தால் உமக்குத் தூக்கம் வரும். உண்மையான சரிவு படையாட்களின் சம்பளத்தில் தொடங்குகிறது. கி.பி. 193 மார்ச் மாதம் அரண்மனைக் காவற்படை பேரரசர் பெர்டினாக்சைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் கூறியது. டிடியஸ் ஜூலியானுஸ் ஆளுக்கு 25,000 செஸ்டெர்டியஸ் (நான்கு சேர்ந்தால் ஒரு தெனாரியஸ்) என்று சொல்லி வாங்கினார். 66 நாள் ஆண்டார். அந்தக் கொஞ்ச நாளிலும் காசு அடித்தார். அதில் பொறித்திருப்பது என்ன தெரியுமா? 'படைவீரர்களின் ஒற்றுமை'. இந்தத் துணிச்சலுக்காகவே அந்தக் காசை வாங்கலாம். கிடைப்பது அரிதென்பதால் விலை என் கைக்கு எட்டவில்லை. கண்காட்சியில் வைத்திருந்தவரிடம் கேட்டுக் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி.

அவரை வீழ்த்தி வந்த செப்டிமியுஸ் செவேருஸ் ஓரிரு ஆண்டுக்குள் வெள்ளியை ஏறத்தாழப் பாதியாக்கினார். அவர் 211இல் யோர்க் நகரில் இறக்கும்போது தன் பிள்ளைகளிடம், ஒற்றுமையாக இருங்கள், படைவீரரைச் செல்வராக்குங்கள், மற்ற எவரையும் பொருட்படுத்தாதீர்கள் என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். மூத்தவர் கரகல்லா முதல் அறிவுரையை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தம்பியைக் கொன்று மீறினார். இரண்டாவதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். 215இல் அவர் கொண்டுவந்ததுதான் கதிர்முடிக் காசு. ஒன்றரைத் தெனாரியஸ் அளவு வெள்ளியே அதில் உண்டு. இரண்டு தெனாரியஸ் மதிப்புக்கு அதைச் செலவாணியாக்கினார் என்று கருதுகிறார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்தில் அந்தக் கதிர்முடிக் காசே உமது கண்ணில் பட்ட செம்பு மூக்காக வந்து நின்றது. பழைய நல்ல காசு வைத்திருந்தவர் எவரும் அதை வெளியே விடவில்லை. மண்ணில் புதைத்தார்கள், அல்லது உருக்கினார்கள்.

இனிப் பித்தளையும் செம்பும். நீர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஆனால் உம்முடைய பாடம் அதில்தான் அதிகம். செஸ்டெர்டியஸ் என்பது 25 கிராம் அளவில் உள்ளங்கையை நிறைக்கும் பித்தளைக் காசு. துத்தநாகத்தை அவர்கள் தனி உலோகமாகப் பிரித்தறியவில்லை. மூடிய மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) செம்போடு துத்தநாகக் கனிமத்தை வைத்துச் சூடாக்கினார்கள். செம்பு உருகும் முன்பே துத்தநாகம் ஆவியாகும் என்பதால் அந்த ஆவியைச் செம்பு உறிஞ்சிப் பொன்னிறமாகும். ஆனால் பழைய பித்தளையை ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் துத்தநாகம் பறந்துபோகும். அதனால் முதல் நூற்றாண்டில் ஐந்தில் ஒரு பங்களவு இருந்த துத்தநாகம் இரண்டாம் நூற்றாண்டு முடிவில் மிகவும் அருகிவிட்டது.

வெள்ளியில் கைவைத்த அதே நீரோவின் செஸ்டெர்டியஸ்கள்தான் உரோம நாணயங்கள் அத்தனையிலும் அழகானவை என்பது என் கருத்து. கடலிலும் தரையிலும் சமாதானம் உண்டாக்கி ஜானுஸ் கோயிலின் கதவைச் சாத்தினார் என்று ஒன்றில் எழுதியிருக்கிறது. சாத்திய கதவின் மேல் தொங்கும் மாலையைக்கூட அச்சு வெட்டியவன் விடவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளிக்காசு செம்பாய்ப் போனபின், இத்தனை பெரிய பித்தளைக் காசை அடிப்பது அக்கசாலைக்கு நட்டம். கால் என்ற பெயருடைய, இன்றைய பிரான்சுப் பகுதியில் தனியாட்சி நடத்திய போஸ்டுமுஸ் தேய்ந்த பழைய செஸ்டெர்டியஸ்களின் மேலேயே தன் தலையை அடித்து இரட்டை மதிப்புக்கு விட்டுப் பார்த்தார். அடியில் பழைய அரசரின் காதோ கழுத்தோ எட்டிப்பார்க்கும் அப்படியான காசொன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேத்தியின் தம்பிக்கும் ஆசை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர். அவனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லும்: பழைய செப்புக்காசை எக்காரணம் கொண்டும் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. வழுவழுப்பாகப் படிந்த பச்சையும் கபிலமும் அதன் பாதுகாப்பு. இருபது நூற்றாண்டில் ஏறியது இரண்டு நிமிடத்தில் போய்விடும், விலையும் கூடவே போய்விடும். தூள்தூளாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு வேறு வகை. அது குளோரைட்டின் வேலை. ஈரம் பட்டால் அமிலம் உண்டாகி, அமிலம் செம்பைத் தின்று, மறுபடியும் குளோரைட்டே வரும். அதைக் கண்டால் காசைத் தனியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். உமது ஊர் ஈரக்காற்றுக்கு இது இலண்டனைவிட அவசியம்.

போலிகள் பற்றியும் கேட்டிருந்தீர். போலி அடித்தவர்களிலும் மேதைகள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் படுவா நகரத்து ஜொவான்னி கவீனோ செய்த செஸ்டெர்டியஸ்களை இன்று கவீனோவுக்காகவே வாங்குகிறார்கள். பின்னால் வந்த ஜெர்மானியர் பெக்கர், தான் அடித்த புதுக்காசுகளை இரும்புத்தூளும் எண்ணெயும் போட்ட பெட்டிக்குள் வைத்து வண்டியின் அச்சில் கட்டி ஊர் சுற்றுவாராம். குலுங்கிக் குலுங்கிப் பழமை ஏறிவிடும். சாதாரண வார்ப்புப் போலியைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கி போதும்: விளிம்பில் ஒட்டுக்கோடு, முகத்தில் ஊசிமுனைக் குழிகள், கூர்மையில்லாத எழுத்து.

கடைசியாக, உமது அயலவர் தோட்டம் கொத்தும்போது எடுத்ததாகக் காட்டிய சிறு செப்புக்காசுகள். நம் தீவில் கிடைக்கும் உரோமக் காசுகளில் மிகப் பெரும்பான்மை 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய பொடிக்காசுகளே. அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்தவையும் கலந்திருக்கும். எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டீர். வேண்டாம். மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குரியது; தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2010இல் இங்கே சொமர்செட் மாவட்டத்தில் ஃபுரோம் ஊருக்கருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. கண்டெடுத்தவர் அள்ளிக்கொண்டு போகாமல் அறிவித்ததால், ஆய்வாளர்கள் அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். பிந்திய காலத்து அரசரான கரௌசியுசின் காசுகள் பானையின் பாதிக்குக் கீழே கிடந்ததை வைத்து, அது சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே தடவையில் கொட்டி நிரப்பியது என்று கண்டார்கள். இடத்தை விட்டு எடுத்த காசு இதைச் சொல்லாது. அயலவரிடம் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தார் என்பதையாவது இப்போதே எழுதி வாங்கி வையும்.

ஒரு வேண்டுகோள். உமது வீதி முனையில் பட்டறை வைத்திருக்கும் தட்டாரிடம், புளித்தண்ணீரில் வெளுக்கும்போது வெள்ளியில் எவ்வளவு செம்பு கலந்திருந்தால் வெளுப்பு நிற்காமல் சிவப்புத் தட்டும் என்று விசாரித்து எழுத முடியுமா? உரோமர் எந்தக் கட்டத்தில் அமிலத்தை விட்டுவிட்டு வெள்ளிப்பூச்சுக்கு மாறினார்கள் என்பதைப் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. புத்தகத்தைவிட அவருடைய கை அனுபவத்தை நான் நம்புவேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது பழைய வகுப்புத் தோழன்