கொடைக்கு வரும் பையன் கையில் கிளாஸைக் கொடுக்காதீர்கள்

தென்மாவட்டத்து ஊர்களில் சித்திரை, வைகாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும், வரி பிரிப்பதிலிருந்து பந்தல் பிரிப்பதுவரை ஓடியாடும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியர். போன ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தான். "சார், கொடையில முதல் தடவையா குடிச்சேன். லீவு முடியுறதுக்குள்ள நாலஞ்சு தடவை ஆயிட்டு. பயமா இருக்கு." யார் கொடுத்தது என்று கேட்டேன். "அண்ணன்மாருதான் சார்."

அவன் சீரியல் செட் கட்டியிருக்கிறான், ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கியிருக்கிறான், நள்ளிரவுச் சாமக்கொடை முடியும்வரை கண் முழித்திருக்கிறான். அதற்குக் கூலி பிரியாணியும் ஒரு கட்டிங்கும். அவன் கேட்கவில்லை. "நீ ஆம்பளதானடா" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால் பதினாறு வயதுப் பையன் என்ன சொல்வான்?

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அதனால்தான் கடைக்கு நீங்கள் போகிறீர்கள், அவன் மறைவில் நிற்கிறான். ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கடைக்காரரை மட்டும் பிடிப்பதில்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுக்கிற யாராக இருந்தாலும் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். பாட்டிலைத் தூக்கிவர அவனை அனுப்பினால் 78ஆம் பிரிவு, அதே தண்டனை.

சரி, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பள்ளி நடக்கும் நாட்களில் ஒரு பையன் வாயில் கூல் லிப் புகையிலை ஒதுக்கினாலும் எங்கள் கண்ணில் படும். போதை எதிர்ப்பு மன்றம் இருக்கிறது, உறுதிமொழி எடுக்கிறோம். ஏப்ரலில் கேட்டைப் பூட்டியதும் அதெல்லாம் உள்ளேயே இருந்துவிடுகிறது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த நாற்பது நாளும் பையன்கள் உங்கள் பின்னால்தான் சுற்றுகிறார்கள். நீங்கள் முடி வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள். நான் வருடம் முழுக்கப் பேசுவதைவிட நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களிடம் நிற்கும். குடித்த தைரியத்தில் பட்டப்பகலில் கிணற்றில் குதிப்பவர்களையும் நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள், நான் இல்லை.

வரி எவ்வளவு என்று பேச ஊர்க்கூட்டம் போடும்போதே இதையும் பேசி முடிவெடுங்கள். கொடை வேலை செய்கிற பையனுக்குக் கூலியைக் காசாகக் கொடுங்கள், அவன் அம்மா கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே பழகிவிட்ட பையன் இருந்தால் அடிக்க வேண்டாம். 14446 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், போதையிலிருந்து மீள வழி சொல்வார்கள், காசு கிடையாது. இல்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பையனை நான் அங்கேதான் கூட்டிப்போனேன். இப்போது பரவாயில்லை.

இந்த வருடமும் அவன்தான் சீரியல் செட் கட்ட வருவான். வேலை முடிந்து வியர்த்துப்போய் வந்து நிற்கும்போது அவனுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
அவனுடைய வாத்தியார்