ஆயுத பூஜைக்கு ஒதுக்கும் காகிதத்தைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. வருடம் முழுக்க யாரும் தொடாத பீரோக்களை நம் ஊர் அலுவலகங்களில் இப்போதுதான் திறக்கிறார்கள். பரணிலிருந்து பழைய ஃபைல்களும் பில் கட்டுகளும் மஞ்சள் பாய்ந்த விண்ணப்பங்களும் இறங்குகின்றன. அப்புறம் அதில் பெரும்பகுதி கட்டடத்தின் பின்பக்கக் காலி இடத்தில் எரிகிறது. மிச்சம் போகிக்கு எரிகிறது. காட்பாடி காந்தி நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காகிதத்தோடு இருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கொளுத்துவது சோம்பலால் அல்ல, பயத்தால். எங்களிடம் வரும் தாள்களில் வங்கிக் கணக்கு, பான் எண், சம்பளம், ஆதார் நகல் எல்லாம் இருக்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டால் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பயத்தில் நியாயமும் இருக்கிறது. பஜாரில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தபோது, அது யாரோ ஒரு பெண்ணின் ஆதார் நகல். முகம், வீட்டு முகவரி, 12 இலக்கம், கீழே அவர் கையெழுத்து, எதுவும் அழியவில்லை. கடலை விற்றவர் எடைக்கு வாங்கிய தாளைத்தான் மடித்தார், அவரைச் சொல்லிப் பயனில்லை. அந்தப் பெண் அந்த நகலை எந்த அலுவலகத்தில் நம்பிக் கொடுத்தாரோ, அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும். செய்தித்தாள் போன்றவற்றில் தின்பண்டம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை சொல்கிறது என்பது வேறு விஷயம்.

பயத்துக்கு மருந்து நெருப்பு இல்லை. திறந்த வெளியில் குப்பை கொளுத்தக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. வேலூரைச் சுற்றி மலைகள். மார்கழிக் காலையில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே நிற்பதை இங்கே இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எரிவதோ நல்ல சரக்கு. ஒரு பக்கம் அச்சடித்த வெள்ளைத் தாளில் உள்ள நார் இழையை 5, 6 முறையாவது மறுபடி காகிதமாக்கலாம். மை நீக்கிக் கூழாக்கும் ஆலை வெளிநாட்டில் எங்கோ இல்லை, கரூர் பக்கம் காகிதபுரத்தில் நம் அரசின் டி.என்.பி.எல். காகித ஆலையிலேயே இருக்கிறது.

எதை ஒதுக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கம்பெனிக் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஜிஎஸ்டி கணக்குகள் என்றால், அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடுதல் காலம். இது தெரியாமல் வேண்டியதை எரித்துவிட்டு, வேண்டாததைப் பரணில் வைத்திருப்பவர்கள் நிறைய.

ஒதுக்கியதைப் பிரிப்பது எளிது. ஆள் அடையாளம் இல்லாத வெள்ளைத் தாள், கலர் தாள், அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டினால் கடையில் விலையும் கூடும். சாப்பாட்டு எச்சில் பட்டதும், ஈரமாகிப் பூஞ்சை பிடித்ததும் இதில் சேரக் கூடாது, ஒரு ஈரத் தாள் கட்டு முழுவதையும் கெடுக்கும். பில் மெஷினில் வரும் வழவழப்பான ரசீதையும் தள்ளி வையுங்கள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும், அதுதான் அடையாளம். அதில் பூசிய ரசாயனம் மறுசுழற்சிக் கூழிலும் கலக்கக் கூடாது, உரத்திலும் கலக்கக் கூடாது. லேமினேஷன் போட்டது, கார்பன் தாள், பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவர் இவையும் அப்படியே. ஸ்டேப்ளர் பின்னுக்குக் கவலை வேண்டாம், ஆலையில் அதைப் பிரித்துவிடுவார்கள். கிளிப்பையும் டேக்கையும் மட்டும் எடுத்துவிட்டால் நாமே திரும்பப் பயன்படுத்தலாம்.

ரகசியத் தாள்தான் சிக்கல். அதற்குத் துண்டாக்கும் இயந்திரம் வேண்டும். நீளநீளமாகக் கிழிப்பதைவிடக் குறுக்கிலும் வெட்டுவது பாதுகாப்பு. ஆனால் வெட்டிய துண்டைப் பழைய பேப்பர் கடைக்காரர் பல இடங்களில் வாங்குவதில்லை. பறக்கும், நாரும் குட்டையாகிவிடும் என்பது அவர் கணக்கு. சரி, அதை உரத்துக்குக் கொடுக்கலாமே! காய்கறிக் கழிவில் ஈரம் அதிகம், தனியாகக் குவித்தால் நாறும். உலர்ந்த காகிதத் துண்டைக் கலந்தால் ஈரம் குறையும், காற்றும் உள்ளே போகும். நேதாஜி மார்க்கெட்டில் தினமும் சேரும் இலை, தழை, அழுகல் காய்க்கு இது நல்ல துணை. இயந்திரம் இல்லாத சின்ன அலுவலகம் தாளை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்துக் கையால் பிசைந்தால் எழுத்து ஒன்றும் மிஞ்சாது. பார்த்திருக்கிறேன், வேலைதான், ஆனால் செலவில்லை.

மாநகராட்சிக்கு என் கோரிக்கை இது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் நான்கு மண்டல அலுவலகங்களிலும் ஒருநாள் காகிதச் சேகரிப்பு வையுங்கள். துண்டாக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, கொடுத்தவர் கண்முன்னே வெட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டால் யாரும் தீப்பெட்டியைத் தேட மாட்டார்கள். நல்ல வெள்ளைத் தாளை மொத்தமாக ஆலைக்கு விற்று, வரும் பணத்தை அன்று வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்கே கொடுத்துவிடலாம். துண்டுகளை நுண் உரமாக்கல் மையங்களுக்கு அனுப்பலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் சத்துவாச்சாரி பகுதியில் உள்ள மற்ற அரசு அலுவலகங்களும் முதலில் கொண்டுவந்து போட்டால் தனியார் தானாக வருவார்கள்.

காட்பாடிப் பக்கம் நடத்தினால் எங்கள் அலுவலக மூட்டைகளோடு நானும் வருகிறேன். பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்றாலும் நாள் முழுக்க இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தி நகர், காட்பாடி.