செயலாளரின் ஆண்டறிக்கை: காலாப்பட்டு முதல் பரங்கிப்பேட்டை வரை கடற்கரை நடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். புதுச்சேரியின் காலாப்பட்டிலிருந்து கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை வரை, தெற்கு நோக்கிக் கட்டம் கட்டமாக நாம் நடக்கும் கடற்கரை நடையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் முக்கிய மாற்றம், கட்டங்களைப் பிரித்த முறை. முன்பு பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று வைத்திருந்தோம். கணக்கு முடிகிற இடத்தில் பஸ் இருக்காது. பஸ் நிற்கும் ஊருக்கும் நமக்கும் நடுவே, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் ஒன்று கிடக்கும். அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலமும் உப்பனாறும், கடைசியில் வெள்ளாறு என்று இந்தக் கரையை ஆறுகள் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கின்றன. அதையே ஏற்றுக்கொண்டோம். ஒவ்வொரு கட்டமும் இனி ஓர் ஆற்றின் தென்கரையில் தொடங்கி அடுத்த ஆற்றின் வடகரையில் முடியும். ஆற்றைப் பஸ்ஸில், பாலத்தின் மேல் கடக்கிறோம். அதனால் வீராம்பட்டினம் கட்டம் மிகவும் சிறியதாகிவிட்டது. நல்லவாடு, மூர்த்திக்குப்பம் வழியாகத் தென்பெண்ணை வரை போகும் கட்டம் ஒரு காலைப் பொழுதுக்குச் சரியாக இருக்கிறது. தாழங்குடா, தேவனாம்பட்டினம் கட்டம் புதியவர்களுக்கு ஏற்றது.

முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது என்ற விதியைச் சிலர் கடுமையானது என்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் வாய் மண்ணடைந்து, முழங்கால் தண்ணீர்தான் போலத் தெரியும். கடல் ஏறும் ஏற்றத்தில் உள்ளே போன தண்ணீர் முழுவதும், கடல் இறங்கும் வற்றத்தில் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். அந்த இழுப்பில் நீச்சல் தெரிந்தவருக்கும் கால் நிற்காது. விளிம்பு மணலையும் நம்பக் கூடாது. அடியில் நீர் அரித்திருக்க, மேல்மணல் கூரை போல நிற்கும். விளிம்பை ஒட்டி அதே போக்கில் மயிரிழை அளவு வெடிப்பு ஓடியிருந்தால் அந்தத் துண்டு சரியப் போகிறது என்று பொருள். மூன்று மீட்டராவது உள்ளே தள்ளி நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு வாய் இடம் மாறியும் இருக்கும். போன ஆண்டு போனில் பதிந்த தடத்தை விட, அந்த ஊர் மீனவரிடம் கேட்பதே சரி.

முதல் கட்டத்தில் பொம்மையார்பாளையம் தாண்டியதும் மணல் குறைந்து கருங்கல் கூடுகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் அந்த மணல் தெற்கே தங்கியது. வடக்கே கரை அரித்தது. கல் கொட்டிக் காத்த இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கியது. வீடிழந்த குடும்பங்களின் தெரு வழியாக நடக்கிறோம் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாசி படிந்த கற்கள் மேல் யாரும் நடக்க வேண்டாம். கடல் ஏறும் நேரத்தில் ஊர்த்தெருவுக்கு ஏறிவிடுங்கள்.

தேதி குறிப்பதில் ஒரு திருத்தம். நம் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனாலும் தட்டையான ஈரமணல் கிடைக்குமா, சரிவில் நடக்க வேண்டுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை நடை நேரத்தில்தான் ஏற்றம் வருகிறது. ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரம் கழித்து அதே காலையில் வற்றம் கிடைக்கும். அட்டமி, நவமி ஆகாது என்று தயங்கியவர்களும் இப்போது அந்த நாட்களையே கேட்கிறார்கள். தெற்கு நோக்கி நடக்கும்போது கடல் இடப்பக்கம் இருப்பதால் சரிவில் இடது கால் எப்போதும் தாழ்ந்து விழும். மூன்று மணி நேரத்தில் இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கமாக வலிக்கும். இந்த ஆண்டு வந்த கால்வலிப் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மற்றது கொப்புளம். உப்புத் தண்ணீரில் ஊறிய காலை அப்படியே ஷூவில் நுழைத்தால் மணல் தோலை உரித்துவிடும். துடைத்து, உலர்த்தி, பவுடர் போட்ட பிறகே சாக்ஸ். குப்பங்களின் அருகே தூண்டில் முள் கிடக்கும். அங்கே வெறுங்கால் வேண்டாம்.

பங்குனியில் இராசாப்பேட்டையிலிருந்து தொடங்கிய கட்டம் பாதியில் நின்றது. பஸ் தாமதத்தால் ஏழரைக்குத்தான் கிளம்பினோம். பத்தரைக்குள் இருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கடற்காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உப்பு போவது தெரிவதில்லை. சவுக்குத் தோப்பு வழியாகத் தார்ச்சாலைக்கு ஏறி முடித்துக்கொண்டோம். இனி இந்தக் கட்டத்துக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், உப்பிட்ட மோர் தனியாக. ஆறு மணிக்குக் கிளம்ப முடியாவிட்டால் நடை ரத்து.

கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டவோ குனிந்து நுழையவோ கூடாது. இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இடமும் வலமும் மாறிமாறிப் பதிந்த துடுப்புத் தடம் மேட்டுக்கு ஏறி, மணல் கிளறிய இடத்தைச் சுற்றித் திரும்பியிருந்தால் அது முட்டைக் குழி. நூறு முட்டை அளவுக்கு உள்ளே இருக்கும். மிதிக்காமல் விலகி, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த மூன்று மாதமும் விடியுமுன் டார்ச் அடித்து நடப்பதை நிறுத்தியிருக்கிறோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன்: இராசாப்பேட்டை, பரங்கிப்பேட்டை கட்டத்தைச் சாமியார்பேட்டையில் இரண்டாகப் பிரிப்பது, வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கூட்டம் நிறையும் மாசி மகத்தன்று நடை வைக்காதிருப்பது, 20 மீட்டர் மிதக்கும் கயிறு இரண்டு வாங்குவது.

செயலாளர்