முடி வெட்ட ஆள் இல்ல, வெளிநாட்டு ஆளுக்கு பெர்மிட் மட்டும் தந்தா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஆள் பற்றாக்குறை பத்தி நீங்க போட்ட செய்தில தோட்டம், ஃபேக்டரி, சாப்பாட்டுக்கடை எல்லாம் வந்திருக்கு, எங்க முடிவெட்டுற தொழில் பத்தி ஒரு வரி இல்ல, அதான் எழுதறேன். கோலாலம்பூர் செந்தூல்ல 31 வருசமா கடை வச்சிருக்கேன். நாலு நாற்காலி போட்ட கடைல இப்ப நானும் இன்னொரு அண்ணனும்தான், அவருக்கு 63 வயசு, முட்டி வலி வேற. தீபாவளி வாரத்துல வந்தவங்கள்ல பாதி பேர திருப்பி அனுப்பிட்டேன், மனசே கேக்கல.

2009ல முடிதிருத்தம், நகை வேலை, துணிக்கடை மூணுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்கறத நிறுத்தினாங்க. 2023ல மூணுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதின்னு சொன்னப்ப அவ்ளோ சந்தோசப்பட்டேன், ஆனா என் கடைக்கு ஒருத்தரும் வந்து சேரல, நடுவுல ஒரு ஏஜென்ட்டு கிட்ட 4,000 வெள்ளி (ரிங்கிட்) போனதுதான் மிச்சம். இப்ப அரசாங்கத்தோட அஞ்சு வருச திட்டமான 13ஆவது மலேசியா திட்டத்துல, மொத்த வேலையாளுங்கள்ல வெளிநாட்டு ஆளுங்க பங்க 2030க்குள்ள 10 சதவீதமா, 2035க்குள்ள 5 சதவீதமா கொறைக்கப் போறாங்க. அப்போ பெர்மிட்டையே நம்பி எத்தன வருசம் ஒக்காந்திருக்கறது?

நம்ம பிள்ளைங்க ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு நாமதான் யோசிக்கணும். பல கடைல சம்பளமே கெடையாது, வெட்டுன காசுல பாதிக்குப் பாதி, இ.பி.எஃப் (சேமநிதி) இல்ல, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இல்ல, ஞாயித்துக்கெழமையும் ராத்திரி 9 வரைக்கும் நிக்கணும். இப்படி இருந்தா பைக்ல சாப்பாடு அனுப்பப் போறவன எப்படி தப்பு சொல்றது? சிங்கப்பூர் பக்கம் போறவனும் இருக்கான். ஆகஸ்டு 2025லேர்ந்து அஞ்சு பேருக்குக் கொறைவா உள்ள கடைக்கும் 1,700 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம் வந்திருச்சு, அது சரிதான், நான் எதிர்க்கல.

ஆனா கத்தி கைல நிக்கவே ஆறு மாசம் ஆகும், அது வரைக்கும் பையன் முடி கூட்டுவான், துண்டு துவைப்பான், தலைய கழுவி விடுவான், அவன் கையால ஒரு வெள்ளி வராது. அந்த ஆறு மாசத்த சின்னக் கடையால முழுசா தாங்க முடியாது. 2020ல கோவிட் நேரத்துல, 40 வயசுக்குக் கீழ உள்ளவங்கள புதுசா வேலைக்கு எடுத்த முதலாளிக்கு சொக்சோ வழியா மாசம் 800 வெள்ளி, ஆறு மாசத்துக்கு குடுத்தாங்க இல்லையா, அதே மாதிரி தொழில் கத்துக்கற பிள்ளைக்கும் குடுக்கட்டும், கூடவே இ.பி.எஃப் கட்டாத கடைக்கு ஒரு காசும் கெடையாதுன்னு கண்டிசன் போடட்டும். என் கடைல ரெண்டு பேர நாளைக்கே எடுத்துக்கறேன். மனிதவள அமைச்சுல உள்ளவங்க கண்ணுல படற மாதிரி இதப் போடுங்க.

முடிதிருத்தும் கடைக்காரர்,
செந்தூல், கோலாலம்பூர்