தேன்மொழிக்கு: தீவில் நீ பார்த்த பறவை

பாளையங்கோட்டை
ஜனவரி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். கனடாவின் ஆம்ஹர்ஸ்ட் தீவிலிருந்து நீ அனுப்பிய படங்களையும் அந்தச் சின்ன வீடியோவையும் போனில் பார்த்தது போதாமல், அப்பாவின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோழி நினைத்ததுபோல அது ரெட்-டெயில்டு ஹாக் இல்லை. ரஃப்-லெக்டு ஹாக் என்ற வைரி வகை வேட்டைப் பறவை. எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த தடவை நீயே அவளுக்குச் சொல்லலாம்.

படங்களைவிட வீடியோவில்தான் தெளிவாகத் தெரிகிறது. எதிர்காற்றில், வயலுக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிறது. உடம்பு அசைகிறது, தலை மட்டும் அசையவே இல்லை. நம் பக்கத்து வயல்களில் கருந்தோள் பருந்து இப்படி நிற்பதை நீ பார்த்து வளர்ந்தவள். ஆனால் அது காக்கையைவிடச் சின்னது. இதுவோ சிறகை விரித்தால் ஏறத்தாழ நாலரை அடி. இவ்வளவு பெரிய வைரி அந்தரத்தில் நின்று இரை தேடுவது அபூர்வம். ரெட்-டெயில்டு ஹாக்கும் பலத்த காற்றில் சிறகை விரித்தபடி நிற்கும்தான். ஆனால் மறுபடி மறுபடி சிறகடித்து நின்று, கொஞ்சம் நகர்ந்து, திரும்பவும் நிற்பது இந்தப் பறவையின் வழக்கம்.

அது தலைக்கு மேலே பறக்கும் படத்தில் சிறகின் அடிப்பக்கத்தைக் கவனி. வெளிர் நிறச் சிறகில், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் சதுரமாகக் கறுப்புத் திட்டு. வயிற்றிலும் அகலமாக ஒரு கரும்பட்டை. வால் அடியில் வெள்ளை, நுனிப் பக்கம் கறுப்பு. ரெட்-டெயில்டு ஹாக்குக்குக் கறுப்பு வேறு இடத்தில் இருக்கும்: தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிறகின் முன்விளிம்பில் ஒரு கோடு. வயிற்றில் அதற்கும் பட்டை உண்டு என்பதால் வயிற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே. நீ பார்த்ததில் வயிற்றுப் பட்டை இடைவெளி இல்லாமல் அடர்த்தியாக இருக்கிறது, வால் பட்டையும் ஒன்றே ஒன்று, தெளிவாக இருக்கிறது. வளர்ந்த பெண் பறவை என்று நினைக்கிறேன்.

வாலில் வெள்ளையைப் பார்த்ததும் பூனைப்பருந்தோ என்று நீ கேட்டது நல்ல கேள்வி. நார்தர்ன் ஹாரியர் அந்தத் தீவில் நிறையவே உண்டு. குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து நம் திருநெல்வேலிக்கு வருகிற பூனைப்பருந்துகளுக்கு அது உறவு. ஒல்லியான உடம்பு, நீண்ட வால். புல்லின் தலையைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக, சிறகை மேல்தூக்கிப் பிடித்தபடி போகும். அதன் வெள்ளை, வால் தொடங்குவதற்கு முன்னால் இடுப்பில் இருக்கும். உன் பறவைக்கோ வால் இறகுகளின் அடிப்பாகமே வெள்ளை.

கால்தான் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம். விரல் தொடங்கும் இடம் வரை இறகு, கம்பளிக் காலுறை மாட்டியதுபோல. மற்ற வைரிகளுக்குக் கணுக்காலுக்குக் கீழே மஞ்சள் தோல் வெறுமனே தெரியும். வட அமெரிக்காவில் வேட்டைப் பறவைகளில் பொன்னிறக் கழுகுக்கும் ஃபெருஜினஸ் ஹாக்குக்கும் இதுபோல இறகு மூடிய கால் உண்டு. ஆனால் ஃபெருஜினஸ் மேற்குச் சமவெளிகளின் பறவை, நீ இருக்கும் ஒன்டாரியோவுக்கு உரியதில்லை. இன்னொன்றையும் பார்த்து வை. இதற்கு உடம்புக்குச் சின்னப் பாதம், சின்ன அலகு. எலி அளவு இரைக்கு அது போதும். மரத்தின் உச்சியில், இவ்வளவு பெரிய பறவை எப்படி உட்கார்ந்தது என்று தோன்றுகிற மெல்லிய கிளை நுனியில் ஒன்று இருந்தால், பெரும்பாலும் இதுதான்.

உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாகவும் சில இருக்கும். அவை வேறு இனமில்லை, இதிலேயே இன்னொரு நிறம். கிழக்குக் கனடாவில் அந்த நிறம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அப்போது வயிற்றுப் பட்டையும் மணிக்கட்டுத் திட்டும் உதவாது. வாலும் காலும் பறக்கும் விதமும்தான் சொல்லும்.

கிங்ஸ்டன் குளிர் எலும்பைக் குத்துகிறது என்று எழுதியிருந்தாய். படிக்கும்போதே எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இந்தப் பறவைக்கு உன் ஊர்தான் தெற்கு. கோடையில் அது இருப்பது வட கியூபெக், பாஃபின் தீவு, அலாஸ்கா, அந்தப் பக்கம் ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று வடதுருவத்தைச் சுற்றிய மரமில்லாத தூந்திர நிலத்தில். அங்கே பாறைச் செங்குத்தில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டும். லெம்மிங் என்ற சின்னக் கொறிப்பிராணிதான் பிரதான உணவு. லெம்மிங் பெருகும் ஆண்டில் ஐந்து, ஆறு முட்டைகூட இடும்; அது குறைந்துபோகும் ஆண்டில் பல ஜோடிகள் கூடே கட்டுவதில்லை. லெம்மிங் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதால், இந்தப் பறவையும் ஓர் ஆண்டு நிறையத் தெரியும், மறு ஆண்டு அரிதாகிவிடும்.

பனி கெட்டிப்பட்டு இரை கிடைக்காமல் போகும்போது தெற்கே இறங்குகிறது. அக்டோபர், நவம்பரில் தென் கனடாவுக்கும் அமெரிக்காவின் வட, நடு மாநிலங்களுக்கும் வந்து சேரும். காட்டுக்குள் தேடாதே. தன் ஊரைப் போலவே மரம் குறைந்த வெட்டவெளியாகப் பார்த்துத்தான் இறங்கும்: புல்வெளி, அறுத்த வயல், சதுப்பு. ஆம்ஹர்ஸ்ட் தீவில் வைக்கோல் வயலும் ஆட்டு மேய்ச்சலும், அந்தப் புல்லுக்கடியில் ஓடும் வோல் எலியும் உண்டு. பனி ஆந்தைகளும் குட்டைக்காது ஆந்தைகளும் அங்கே வருவது இதற்காகத்தான். பனி மிக ஆழமாக விழுந்து எலி எட்டாமல் போனால் இவை இன்னும் தெற்கே நகரும். அப்படி ஒரு வாரம் காணோம் என்றால் பயப்படாதே.

ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதனால் மார்ச்சுக்குள் மில்ஹேவனில் படகு ஏறி இன்னொரு தடவை போய் வா. காருக்குள் இருந்தபடியே பார். காரைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படாது, ஆள் இறங்கினால் பறந்துவிடும். அந்தக் குளிரில் ஒவ்வொரு தடவை வீணாகப் பறப்பதும் அதற்குச் செலவுதான். வயல்கள் தனியாருடையவை, வேலிக்கு உள்ளே போகவே கூடாது. கால் தெரிகிற மாதிரி ஒரு படமும், திரும்பும்போது வாலின் மேல்பக்கம் தெரிகிற மாதிரி ஒன்றும் கிடைத்தால் அனுப்பு. கரும்பழுப்பு நிறத்தில் ஒன்று கண்ணில் பட்டால் மங்கலாக இருந்தாலும் எடு. நான் அதை இன்னும் பார்த்ததில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் கேமராவைப் பிடிக்காதே, தங்கம். அப்பா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்.

அன்புடன்,
அம்மா