ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகம், இரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அரசு கூர்நோக்கு இல்லத்தில் செவ்வாயும் வெள்ளியும் நாம் எடுக்கும் வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து நடத்தினோம். அது சரிப்படவில்லை. வழக்கு விசாரணையில் இருக்கும்போது பையன்கள் தங்கும் இடம் அது. செவ்வாய் உட்கார்ந்திருந்தவன் வெள்ளிக்கிழமை ஜாமீனில் போயிருப்பான். அவன் இடத்தில் புதுப் பையன் இருப்பான். பின்னம் பாதியில் நிற்கும். அதனால் ஜூலையிலிருந்து, தொடங்கிய பாடத்தை அன்றைக்கே முடிக்கிற மாதிரி மாற்றினோம். ஒரு நாள் பேருந்து நேர அட்டவணை, ஒரு நாள் வங்கிச் சலான், ஒரு நாள் வட்டம்.

காம்பஸ் உள்ளே கொண்டுபோக முடியாது. ஷார்ப்னரும் கூடாது. பென்சிலைச் சீவி எடுத்துப் போய், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம். அன்று நூலும் சாக்பீஸும் வைத்துத் தரையில் வட்டம் போட்டேன். ஏழாம் வகுப்போடு நின்று சித்தாள் வேலைக்குப் போன ஒரு பையன் நூலைக் கையில் வாங்கி, "கிணற்றுக்கு உறை இறக்க இப்படித்தான் சார் அளவு போடுவோம்" என்றான். ஆரம், விட்டம் என்ற பெயர்கள்தான் அவனுக்குப் புதிது. மற்றவர்களுக்கு அன்று அவன்தான் வாத்தியார். பென்சில் மழுங்கினால் சிமென்ட் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டார்கள்.

தேர்வு எழுத விரும்புகிறவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி பொருத்தமாக இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேறிய பாடம் அப்படியே இருக்கும். மீதியை 5 ஆண்டுக்குள் எழுதலாம். நடுவில் ஜாமீன் கிடைத்துப் போனாலும் படிப்பு அறுந்துபோகாது.

எனக்கு மனது ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வெளியே போன ஒரு பையனை, அவன் படித்த பள்ளி திரும்பச் சேர்க்கவில்லை. "டி.சி. வாங்கிக்கோங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதையே தடுக்கிறது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நன்னடத்தை அலுவலர் நேரில் போய்ப் பேசிய பிறகுதான் சேர்த்தார்கள். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் அவன் ஒரு மெக்கானிக் கடையில் நின்றான்.

அதனால் செயற்குழுவின் கோரிக்கை இது. வெளியே வரும் பையன்கள், பெற்றோர் சம்மதத்தோடு, ஞாயிறு காலையில் நம் நூலகத்தின் பின்னறையில் படிக்கட்டும். அறையைத் திறந்துவிட ஒருவர், கணக்குச் சொல்லித்தர ஒருவர், தமிழுக்கு ஒருவர் வேண்டும். அவன் எதற்காக உள்ளே போனான் என்று யாரும் கேட்கக் கூடாது; வகுப்பு எடுக்கும் நாங்களும் இதுவரை கேட்டதில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்